ஃப்ரெஞ்ச் டோஸ்ட்டுக்கு சர்க்கரையை எப்போ போடணும்? நாலு விதமாவும் செஞ்சு பாத்தாச்சு

முட்டையும் பாலும் அடிச்சு, பிரெட்டை முக்கி, வெண்ணெயில போட்டு எடுத்தா ஃப்ரெஞ்ச் டோஸ்ட் ரெடி, அதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. ஆனா மேல சர்க்கரை கண்ணாடி மாதிரி படிஞ்சு, கடிச்சா மொறுக்குனு சத்தம் வந்து, உள்ள மட்டும் மெத்துமெத்துனு இருக்குமே, அது தான் வீட்ல சட்டுனு வரமாட்டேங்குது. எனக்கும் ரொம்ப நாள் வரல. சர்க்கரை பத்தலையோன்னு நெனச்சு கூடக் கூடப் போட்டுப் பாத்தேன், திகட்டுச்சே தவிர மொறுமொறுப்பு வரல. அளவுல ஒண்ணும் இல்லைங்க, சர்க்கரையை எந்த நேரத்துல போடுறோம்ங்கறதுல தான் எல்லாமே இருக்கு.

வழி நாலு. கலவையிலயே கலந்துடலாம், சுட்டு எடுத்து சர்க்கரையில பெரட்டலாம், தவாவுலயே தூவி கேரமல் ஆக்கலாம், இல்ல கடைசில மேல ஐசிங் சுகர் தூவலாம். நாலுக்கும் அடிப்படை ஒண்ணே தான் வச்சுகிட்டேன்: 2 முட்டை, 150 மில்லி பால், ஒரு சிட்டிகை உப்பு, ரெண்டு சொட்டு வெனிலா, 2 சென்டிமீட்டர் தடிமன்ல 4 துண்டு பிரெட். உப்பை மட்டும் விட்டுடாதீங்க, அது இல்லன்னா இனிப்பு சப்புனு இருக்கும்.

முதல்ல கலவையில கலக்குறது. எல்லாரும் செய்யுறது இது தான், சர்க்கரை மேல படியணும்னா எனக்குப் பிடிக்காததும் இது தான். 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரையை பால் முட்டையோட சேத்து அடிச்சீங்கன்னா டோஸ்ட்டோட மேல்பக்கம் சீக்கிரமே கருத்துடும். அதே சமயம் சர்க்கரை கலந்த முட்டை இறுகுறதுக்கு இன்னும் கொஞ்சம் கூட சூடு கேக்கும், அதாவது வெளிய வேகமா கருகுது, உள்ள மெதுவா வேகுது, ரெண்டு பக்கமும் அடி. நல்ல கலர் வந்துருச்சுன்னு எடுத்து வெட்டிப் பாத்தா நடுவுல கொழகொழன்னு முட்டை வாடை அடிக்கும். இதுல மேல படியுற சர்க்கரைன்னு ஒண்ணு வரவே வராது. பிரெட்டுக்குள்ள லேசா இனிப்பு இருக்கணும்னா ஒரே ஒரு டீஸ்பூன் போடுங்க, போதும்.

ஐசிங் சுகர் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. பாக்க அழகு. சூடான டோஸ்ட்ல இருந்து வர்ற ஆவியில ரெண்டு நிமிஷத்துல கரைஞ்சு பசை மாதிரி ஆயிடும், மொறுமொறுப்பு சுத்தமா கிடையாது. தட்டு மேசைக்குப் போற கடைசி செகண்ட்ல தூவுனா சரி.

சுட்டு எடுத்து சர்க்கரையில பெரட்டுறது நல்ல முறை. ஸ்பெயின்ல டொர்ரிஹான்னு ஈஸ்டர் சமயத்துல செய்யுறது இதே மாதிரி தான், பால்ல ஊறவச்ச பிரெட்டை முட்டையில முக்கி எண்ணெயில பொரிச்சு, சர்க்கரையும் பட்டைப் பொடியும் கலந்ததுல பெரட்டி எடுப்பாங்க. 4 டேபிள்ஸ்பூன் சர்க்கரைக்கு 1 டீஸ்பூன் பட்டைப் பொடி எனக்கு சரியா இருக்கு. தவாவுல இருந்து எடுத்த உடனே பெரட்டணும், மேல வெண்ணெய் ஈரம் இருக்கும்போது தான் சர்க்கரை ஒட்டும், அஞ்சு நிமிஷம் விட்டுட்டுப் பெரட்டுனா பாதி தட்டுலயே உதிர்ந்துடும். சர்க்கரை பெரிய பெரிய மணியா இருந்தா மிக்ஸியில ஒரே ஒரு சுத்து விடுங்க, மாவா ஆக்கிடாதீங்க, பல்லுல நறநறன்னு படுறது தான் இதோட ருசியே. பெரட்டுன துண்டுகளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனா ஆவி அடிச்சு சர்க்கரை பாகா வழியும், அதனால கம்பி ரேக்ல தனித்தனியா வைங்க.

இப்போ தவாவுல கேரமல் ஆக்குறது. என் மனசு இதுல தான் இருக்கு.

முதல்ல சர்க்கரையே இல்லாம டோஸ்ட்டை ரெண்டு பக்கமும் முழுசா வேகவச்சுடணும், மிதமான தீக்கும் கொஞ்சம் கம்மியா வச்சு ஒரு பக்கத்துக்கு 3 நிமிஷம் மாதிரி. அப்புறம் தவாவைத் துடைச்சுடுங்க, பழைய வெண்ணெயில கருகுன துகள் கிடந்தா கேரமலும் கசக்கும். புதுசா ஒரு சின்ன துண்டு வெண்ணெய் போட்டு, டோஸ்ட் மேல ஒரு டீஸ்பூன் சர்க்கரையை ஓரம் வரைக்கும் சீரா தூவி, தூவுன பக்கத்தைக் கீழ கவுத்துப் போட்டுட்டு கையை எடுத்துடுங்க. நகத்தாதீங்க, அழுத்தாதீங்க. சர்க்கரை கேரமல் ஆகுறதுக்கு 160 டிகிரி செல்சியஸுக்கு மேல போகணும், அங்க போயிட்டா பொன்னிறத்துல இருந்து கசப்புக்கு மாற சில செகண்ட் தான், அதனால ஒரு நிமிஷத்துக்குள்ள ஓரத்தைத் தூக்கிப் பாத்து தேன் கலர்ல இருந்தா எடுத்துடணும். பட்டைப் பொடியை இந்த சர்க்கரையோட கலக்காதீங்க, தீயுது, வேணும்னா முட்டைக் கலவையில போட்டுக்கலாம்.

எடுத்ததும் தொட்டுப் பாத்தா மெத்துனு பிசுபிசுன்னு இருக்கும், நெறைய பேர் சரியா வரலன்னு திரும்ப தவாவுல போட்டு கருக்கிடுறது இந்த இடத்துல தான். கேரமல் ஆறுனா தான் இறுகும். கேரமல் பக்கம் மேல வர்ற மாதிரி கம்பி ரேக்ல ரெண்டு நிமிஷம் விட்டுட்டு ஸ்பூனால தட்டுனா டக் டக்னு சத்தம் கேக்கும். பேப்பர் டவல்ல வச்சீங்கன்னா அப்படியே ஒட்டிக்கும், ஒரு தடவை நாலு துண்டுலயும் பேப்பரைப் பிச்சுப் பிச்சு எடுத்தேன். ஒரு பக்கம் மட்டும் கேரமல் போதும்ங்கறது என் கருத்து, ரெண்டு பக்கமும் பண்ணா மூணாவது கடியிலயே போதும் போதும்னு ஆயிடும்.

உருகுன சர்க்கரை விரல்ல பட்டா எண்ணெய் மாதிரி வழிஞ்சு போகாது, ஒட்டிகிட்டு சுட்டுகிட்டே இருக்கும். எனக்குப் பட்டிருக்கு. உடனே குழாய்த் தண்ணில 20 நிமிஷம் காட்டணும். சின்னப் பிள்ளைங்க பக்கத்துல நின்னா இந்த முறை வேண்டவே வேண்டாம், பெரட்டுற முறைக்குப் போயிடுங்க.

எந்த முறையா இருந்தாலும் பிரெட் புதுசா இருந்தா சிக்கல் தான். புது பிரெட் கலவையில போட்டதும் தொளதொளன்னு ஆகி கையோட வந்துடும், மேல ஈரமும் ஜாஸ்தி, அந்த ஈரத்துல சர்க்கரை கேரமல் ஆகாம பாகா கரைஞ்சு போயிடும். முந்தின நாள் பிரெட் நல்லது, இல்லன்னா ஓவன்ல 120 டிகிரில 10 நிமிஷம் காயவச்சுக்கலாம். தடி துண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம் ஊறலாம், சாண்ட்விச்சுக்கு வர்ற மெல்லிசு துண்டுன்னா 10 செகண்ட் தான். பிரவுன் சுகர் வாசம் நல்லா இருக்கும், ஆனா தவாவுல வெள்ளை சர்க்கரையை விட சீக்கிரம் கருகும், அதை பெரட்டுறதுக்கு வச்சுக்கோங்க.

அதனால சுட்ட உடனே உக்காந்து சாப்பிடுறதுன்னா நான் கேரமல் தான் செய்வேன். அது அரை மணி நேரத்துல காத்துல இருக்குற ஈரத்தையும் டோஸ்ட்டோட ஈரத்தையும் இழுத்து பிசுபிசுத்துடும், டப்பாவுல போட்டுக் குடுக்கவே முடியாது. எட்டு பத்து பேருக்கு செய்யணும், இல்ல பிள்ளைங்களுக்கு டப்பாவுல வைக்கணும்னா பட்டை சர்க்கரையில பெரட்டி, நல்லா ஆறவிட்டு அப்புறமா மூடிப் போட்டு வைங்க, மொறுமொறுப்பு கொஞ்சம் போனாலும் ருசி போகாது.

தவாவுல ஒட்டுன கேரமலைக் கரண்டியால சொரண்டாதீங்க, கோட்டிங் போயிடும். கொஞ்சம் ஆறுனதும் தண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் கொதிக்கவிட்டா எல்லாம் தானா கரைஞ்சு வந்துடும்.