புயல் காப்பீடு: சேதத்துக்கா, மழை அளவுக்கா?

கடலூரில் ஆற்றோரம் குடோன் வைத்திருப்பவருக்கு எந்த பாலிசி ஏற்றது?

வழக்கமான பாலிசியில் சர்வேயர் வந்து சேதத்தை மதிப்பிட்ட பிறகுதான் பணம். பலர் அடிவாங்குவது மதிப்பைக் குறைத்து எழுதுவதால்: 10 லட்ச ரூபாய் சரக்கை 6 லட்சத்துக்கு எழுதியிருந்தால், நஷ்டத்திலும் அதே 60% கணக்குதான்: 2 லட்ச நஷ்டத்துக்கு 1.2 லட்சம்தான் தேறும். பிரீமியத்தில் பிடித்த மிச்சம் அங்கேயே போய்விடும்.

குறியீட்டு பாலிசிக்கு சர்வேயர் வேண்டாம். மழைமானி ஒப்பந்த அளவைத் தாண்டினாலே பணம், அதுவும் சீக்கிரம். பிரீமியத்தைக் கணக்கிடும் நிபுணரான ஆக்சுவரிக்குத் தலைவலியும் இதில்தான்: மழைமானி காட்டுவதும் உண்மையான சேதமும் பொருந்தாமல் போகலாம். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் கொட்டித் தீர்த்தது மழை. தென்பெண்ணைக் கரையில் புகுந்ததோ சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர். உள்ளூர் மழைமானிக்கு அது தெரியாது. ஆற்று நீர்மட்டத்தையும் நிபந்தனையாகச் சேர்க்கலாம். பிரீமியம் ஏறும், பழைய வெள்ளப் பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கு எவ்வளவு தாங்கும் என்பதும் சந்தேகம்தான்.

ஆற்றோரம் என்றால் சேதத்துக்குப் பணம் தரும் வழக்கமான பாலிசியே சரி, முழு மதிப்புக்கு எழுதினால்.