லண்டன் ஒயிட்சாப்பல் ஒலிநடை: வேடம் பிரமாதம், வழிதான் பழசு

தெருவில் உங்களைப் பார்க்கிற யாருக்கும் ஒரு நிகழ்த்துகலை நடப்பதே தெரியாது. நடிகரும் நீங்கள்தான், ரசிகரும் நீங்கள்தான். கனடாக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் லண்டன் கலை அமைப்பான ஆர்ட்டேஞ்சலுக்காக 1999-இல் செய்த 'தி மிஸ்ஸிங் வாய்ஸ்: கேஸ் ஸ்டடி பி' ஓர் ஒலிநடை, அதாவது காதில் பதிவைக் கேட்டபடி நடக்கும் படைப்பு. அது ஒயிட்சாப்பல் நூலகத்தில் தொடங்கி, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தெருக்கள் வழியாக லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் முடிகிறது. காதில் ஒலிக்கும் காலடி ஓசைக்கு ஈடுகொடுத்து நடந்து, குரல் சொல்லும் இடத்தில் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் விதி.

அன்று டிஸ்க்மேனை (கையடக்க சிடி பிளேயர்) வாங்கிக்கொண்டு நடந்தவர்களைச் சிலராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள். இன்று காதில் ஏதும் மாட்டாதவர்தான் வித்தியாசமாகத் தெரிவார். அந்த வகையில் படைப்புக்கு வயது ஏற ஏற வேடம் இன்னும் கச்சிதமாகியிருக்கிறது.

கெட்டுப்போனது வழி. நூலகம் 2005-இல் மூடப்பட்டது. 2009 முதல் அந்தக் கட்டடம் பக்கத்திலிருந்த ஒயிட்சாப்பல் கேலரியின் பகுதி. குரல் குறிப்பிடும் துப்பறியும் நாவல் அலமாரியைத் தேடி அலைய வேண்டாம், அது இல்லை. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தையின் மேற்குப் பாதியும் இடித்துக் கட்டப்பட்டுவிட்டது. அடையாளம் பொருந்தவில்லையென்றால் ஒலியை நிறுத்தி, கடைசியாகப் பொருந்திய இடத்துக்குத் திரும்பி, 30 வினாடி பின்னோக்கி ஓட்டுங்கள். முன்னோக்கி ஓட்டினால் காலடியின் தாளம் தப்பும். பிறகு பிடிப்பது கஷ்டம்.

இரு காதிலும் சிறு மைக் வைத்துப் பதியும் பைனாரல் முறை இது. ஓசை இடது காதுக்கும் வலது காதுக்கும் வந்துசேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள நுண்ணிய வேறுபாட்டையும், தலையும் காது மடலும் ஓசையை மாற்றும் விதத்தையும் வைத்துத்தான் 'பின்னால் யாரோ வருகிறார்' என்று மூளை நம்புகிறது. எனவே போனில் 'மோனோ ஆடியோ' அமைப்பு அணைந்திருக்க வேண்டும். அது இயக்கத்தில் இருந்தால் பாதிப் படைப்பு போச்சு. இடது வலது மாற்றி மாட்டினாலும் அதே கதி. இரைச்சலை அடக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், நிஜத் தெருவும் கேட்டாக வேண்டும். காதை அடைக்கும் ரப்பர் முனைகளைவிடக் காதின் மேல் லேசாக உட்காரும் ஹெட்ஃபோன் நல்லது. பதிவிலுள்ள காலடியும் உங்கள் காலடியும் ஏறக்குறைய சமமாகக் கேட்கும்படி ஒலியளவைத் தெருவில் நின்று வையுங்கள். உள்ளே அமைதியில் வைத்தது வெளியே காணாது. ஒலிக்கோப்பை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டால், நடுவே வாட்ஸ்அப் மணி அடிக்காது.

பெரிய ஆபத்து சாலை கடப்பதில். பதிவில் தெரு அமைதியாக இருக்கும்போது நிஜத்தில் பேருந்து வரலாம். இல்லாத காருக்கு ஒதுங்கி மிதிவண்டியின் முன்னால் போய் நிற்பதும் நடக்கும். பதிவில் கேட்பது 1999-இன் போக்குவரத்து. குரல் என்ன சொன்னாலும் வலப்புறம் பார்த்துவிட்டே இறங்குங்கள்.

ஆல்ட்கேட் ஈஸ்ட் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து ஏறினால் கேலரி பக்கத்திலேயே. திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு சந்தைக் கூட்டத்தில் காலடியைப் பின்தொடர முடியாது. மாலை 5 மணிக்கு மேல் ரயில் நிலையத்தில் நின்று கேட்க இடமே கிடைக்காது. வாரநாளில் காலை 11 மணிவாக்கில் கிளம்புவது உத்தமம். குரல் ஆங்கிலம், அதுவும் காதோடு கிசுகிசுக்கும் ஆங்கிலம். பழக்கமில்லாதவர்கள் வீட்டில் ஒருமுறை கேட்டுவிட்டுப் போகலாம். மர்மம் கொஞ்சம் குறையும், ஆனால் வழி தவறாது.

முடிவில் குரல் உங்களை ரயில் நிலையக் கூட்டத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். திரும்பும் வழியை அது சொல்லாது.