டைனேர்: ஊதியம் அசையாத மாடலை ஓட்டிப் பார்க்க விரும்புபவர்களுக்கு

வேலை தேட ஆகும் காலம், ஆள் எடுக்க ஆகும் செலவு, எளிதில் அசையாத ஊதியம், இவையெல்லாம் பணவீக்கத்தை என்ன செய்கின்றன என்று பார்க்க நான் சில வருடங்களாகப் பயன்படுத்துவது டைனேர். பொருளாதார மாடல்களை, அதாவது பொருளாதாரத்தைச் சமன்பாடுகளாக எழுதியவற்றை, கணினியில் தீர்க்க பாரிஸில் உள்ள செப்ரெமாப் என்ற ஆய்வு நிறுவனம் உருவாக்கும் இலவச மென்பொருள். மேட்லேப் என்ற கட்டணக் கணிப்பு மென்பொருள் இல்லையென்றால் காசில்லாமல் கிடைக்கும் ஆக்டேவிலேயே ஓடும். தாளில் எழுதுகிற மாதிரியே சமன்பாடுகளைக் கோப்பில் எழுதினால் போதும், ஓர் அதிர்ச்சி (எதிர்பாராத திடீர் மாற்றம்) வந்தால் எது எப்படி நகரும் என்று படமே போட்டுக் கொடுத்துவிடும்.

எனக்கு இது பிடித்துப்போனது ஊதியச் சமன்பாட்டால்தான். அமெரிக்கத் தரவில் காலியிடத்துக்கும் வேலையின்மைக்கும் உள்ள விகிதம் உழைப்பின் உற்பத்தித்திறனைவிடக் கிட்டத்தட்ட 20 மடங்கு அதிகமாக ஆடுகிறது, வேலை தேடுவதையும் ஆள் தேடுவதையும் கணக்கில் எடுக்கும் வழக்கமான தேடல் மாடலிலோ இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் ஆடுகின்றன என்று 2005இல் பொருளாதார அறிஞர் ஷைமர் காட்டினார். அந்த மாடலில் உற்பத்தித்திறன் கூடினால் முதலாளியும் தொழிலாளியும் பேசும் பேரத்தில் ஊதியமும் கூடவே ஏறி லாபத்தைத் தின்றுவிடுகிறது, அப்புறம் யார் புதிதாக ஆள் எடுப்பார்கள்? அதே ஆண்டு ஹால் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் ஊதியத்தை இறுக்கிவைத்து இதற்கு ஒரு வழி காட்டினார். டைனேரில் அது ஒரே வரி: இன்றைய ஊதியத்தில் ஒரு பங்கு போன காலாண்டின் ஊதியம், மீதி பேரத்தில் வருவது. அந்தப் பங்கை 0 என்று வைத்து ஒருமுறை, 0.9 என்று வைத்து ஒருமுறை ஓட்டினேன். காலியிடங்கள் துள்ளின, பணவீக்கம் பெரிதாக மாறவில்லை! 2007இல் கிராவுஸ், லூபிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சொன்னது இதைத்தான். ஊதியம் ஏறாவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடுகிறார்கள், இடம் நிரம்புவது கடினமாகிறது, ஊதியத்தில் மிச்சமானது ஆள் பிடிக்கும் செலவில் போய்விடுகிறது, அதனால் மொத்தச் செலவும் விலையும் பெரிதாக மாறுவதில்லை. படித்தபோது மேலோட்டமாகத்தான் புரிந்தது, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

புதிதாக வருபவர்கள் காலக்குறியில், அதாவது ஒரு மாறி எந்தக் காலாண்டைச் சேர்ந்தது என்று காட்டும் குறியில், கவனமாக இருங்கள். பல கட்டுரைகளில் இந்தக் காலாண்டு முடிவாகும் வேலைவாய்ப்பை அடுத்த காலாண்டின் குறியோடு எழுதுவார்கள். அதை அப்படியே தட்டினால் டைனேர் அதை முன்னோக்கும் மாறியாக (எதிர்பார்ப்பைப் பொறுத்தது என்று) எடுத்துக்கொண்டு, மாடலுக்கு ஒரே ஒரு நிலையான தீர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பிளான்சார்ட்–கான் நிபந்தனை பொருந்தவில்லை என்று நின்றுவிடும். நான் ஒரு வாரம் அளவுருக்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன், பிழை குறியில் இருந்தது. ஒரு காலம் பின்னுக்குத் தள்ளி எழுதுங்கள், இல்லையென்றால் 'பிரீடிடர்மின்ட் வேரியபிள்ஸ்' கட்டளையில் அந்த மாறியைச் சேர்த்துவிடுங்கள், அதுவே தள்ளிக்கொள்ளும்.

இன்னொன்று. ஊதியம் ஏறும், ஆனால் இறங்காது என்ற ஒருபக்க இறுக்கத்தை வழக்கமான நேர்கோட்டுத் தீர்வு பிடிக்காது, ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒரே மாதிரிதான் நடத்தும். அதற்கு, சில நேரம் மட்டும் இறுகும் தடைகளைக் கையாளும் ஆக்பின் என்ற கருவி வேண்டும், டைனேரின் 5ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் பொறுமை கேட்கும், ஆனால் விடாதீர்கள். இலக்குப் பணவீக்கத்தை ஒரு புள்ளி கூட்டி, அதே மந்த அதிர்ச்சியைக் கொடுத்து, ஊதியம் இறங்கக் கூடாது என்ற தடை எத்தனை காலாண்டு இறுகி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ரூபாய்க் கணக்கில் சம்பளத்தைக் குறைக்க முடியாத இடத்தில் விலைவாசி ஏற்றம் அந்த வேலையை எவ்வளவு செய்கிறது என்று அந்த ஒரு எண்ணிலேயே தெரியும்.