துளையா, டப்ளரா, வெட்டி மாற்றலா? கப்பல் விரிசலுக்கு எது தகும்

சரக்குக் கப்பல் ஒன்றின் பேலஸ்ட் டேங்கில் (கப்பலின் சமநிலைக்காகக் கடல்நீர் நிரப்பும் தொட்டி), மூலை இணைப்பைத் தாங்கும் பிராக்கெட் தகடு ஒன்றின் நுனியில் தொடங்கிப் பக்கத் தகட்டை நோக்கி விரிசல் ஓடியிருந்தது. அதைப் பழுதுபார்க்க மூன்று வழிகளை எடைபோட்டு, தகட்டை வெட்டி மாற்றுவதென்று முடிவெடுத்தோம்.

விரிசல் முனையில் துளையிடுவது எல்லோரும் அறிந்த வழிதான். கூர்முனை வட்டமாகிவிட்டால் அங்கே குவியும் தகைவு, அதாவது உலோகத்துக்குள் எழும் இழுவிசை, குறையும். செலவு சொற்பம், நடுக்கடலிலும் செய்யலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் முனை பல வேளைகளில் உண்மையான முனை அன்று. சாயம் தடவிச் சோதித்தால் சிவப்புக் கோடு இன்னும் சில மில்லிமீட்டர் தள்ளிப் போய் முடியும். அதற்கு முன்னால் விழுந்த துளையால் பயனில்லை. துறைமுகம் சேரும்வரைக்கான கைவைத்தியமாகவே இதைக் கொள்ளலாம்.

டப்ளர், அதாவது விரிசலின் மேல் இன்னொரு தகட்டை வைத்து ஓரம் பற்றவைப்பது, எனக்கு உடன்பாடில்லாத வழி. அடியில் விரிசல் வளர்கிறதா என்று அதன்பின் எவராலும் பார்க்க முடியாது. கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் கிளாஸ் சர்வேயர்களும் பெரும்பாலும் இதைத் தற்காலிகமாகவே ஏற்பார்கள். துளையைக்கூட ஒவ்வொரு பயணத்திலும் டார்ச் அடித்துப் பார்க்கலாம். டப்ளரில் அதற்கும் வழியில்லை.

வெட்டி மாற்றுவதில் செலவு அதிகம். டேங்கைக் காலிசெய்து காற்றோட்டம் தர வேண்டும், மறுபக்கப் பெயின்ட்டும் கருகும். வெட்டிய இடத்தில் பொருத்தும் இன்செர்ட் தகடு 300 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், மூலை வளைவின் ஆரம் தகட்டுத் தடிமனைப்போல் 5 மடங்காகவும் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். ஏனென்றால் அதைவிடச் சிறு ஒட்டுத் துண்டில் பற்றவைப்புத் தகைவு அடைபட்டு நிற்கும். எனினும் என் தீர்ப்பைத் தீர்மானித்தது தகடு அன்று, வடிவம். பழைய பிராக்கெட்டை அப்படியே திரும்பப் போட்டால் புதுத் தகட்டிலும் அதே இடத்தில் விரிசல் வரும் என்பதால், நுனியை நீண்ட வளைவாகச் சரித்து, எதிர்ப்புறம் துணைப் பிராக்கெட் ஒன்றையும் சேர்த்தோம். இரண்டாம் உலகப் போர்க்கால லிபர்ட்டி கப்பல்களிலும் எஃகின் குறையோடு சதுர மூலைகளும் சேர்ந்தே விரிசலைப் பிறப்பித்தன. ஹாட்ச் எனப்படும் சரக்குத் திறப்பின் மூலைகளை வளைத்தும், முழுக்கப் பற்றவைத்த உடலில் விரிசல் தகடுவிட்டுத் தகடு தாவாதபடி ஆணியடித்து இணைத்த ரிவெட் பட்டைகள் பதித்தும் அதைக் கட்டுப்படுத்தினார்கள்.

இவையெல்லாம் எஃகுக்குச் சொன்னவை. அமெரிக்கக் கடற்படையின் டிக்கான்டெரோகா வகைக் கப்பல்களின் அலுமினிய மேற்கட்டுமானத்தில் இழைப் பட்டைகளை ஒட்டியும் விரிசலை அடக்கியிருக்கிறார்கள். அந்த முறையில் எனக்குக் கைப்பழக்கம் இல்லாததால் தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறேன்.

எந்த வழியை எடுத்தாலும், கப்பலின் எதிர்ப்பக்கத்தில் அதே இடத்திலுள்ள பிராக்கெட்டையும், முன்னும் பின்னும் உள்ள பிரேம்களையும் (கப்பல் உடலின் விலாச் சட்டங்கள்) அன்றே சோதித்துவிடுவது நல்லது. ஒரே வரைபடத்தில் பிறந்தவை ஒரே வயதில்தான் விரியும்.