டிக்… டிக்… என்று நின்றுபோன பவர் சப்ளையும் பரந்தன் தம்பியும்

பரந்தன் சந்தியில் இருந்து முல்லைத்தீவு வீதியால் கொஞ்சத் தூரம் போனால், சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் கழற்றிக் கிடக்கும் பழைய ரீவிகள்தான் அடையாளம். போன மாதம் முட்டை பொரிக்க வைக்கும் என் இன்குபேட்டரின் பவர் சப்ளையை, வீட்டுக் கறண்டை 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டியை, அங்கே இருக்கும் தம்பியிடம்தான் கொடுத்துத் திருத்தினேன். இப்படி வேலை செய்பவர்களைப் பற்றி நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

என்னுடையது அறுபது முட்டைப் பெட்டி. சூடு, விசிறி, முட்டை திருப்பும் மோட்டார் மூன்றும் 12 வோல்ட்டில் ஓடுபவை. முட்டை வைத்த பன்னிரண்டாம் நாள் இரவு கறண்ட் போய், ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தது. வீட்டு லைற் எல்லாம் எரிந்தது, பெட்டி மட்டும் இருட்டு. பவர் சப்ளைக்குள் ‘டிக்… டிக்…’ என்று மெல்லிய சத்தம், வெளியே வரும் வயரில் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு உழவு மெசின் பற்றரியை வாங்கிக் கொழுவினேன். 37.5 பாகையில் நிற்க வேண்டிய சூடு 36க்கு இறங்கி, பிறகு மெல்ல ஏறியது. விடியும்வரை வெப்பமானியை விட்டு நான் நகரவில்லை.

காலையில் முதலில் போன கடையில் மூடியைக்கூடக் கழற்றவில்லை. “போர்ட் போயிட்டுது அக்கா, புதுசு போடுங்கோ” என்று 4,200 ரூபாய் சொன்னார்கள். கறண்டே இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட வன்னி ஆட்கள் நாங்கள். பார்க்காமலே எறியச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

அங்கிருந்து பரந்தன் கொட்டிலுக்குப் போனேன். தம்பி முதலில் கேட்டது ஒரு கேள்வி: “ஓடிக்கொண்டிருக்கேக்க நின்டதோ, கறண்ட் போய் வந்தாப் பிறகோ?” பதிலைக் கேட்டதும் தலையை ஆட்டிக்கொண்டு மூடியைக் கழற்றினார். நான் எட்டிப் பார்க்கக் கையை நீட்டினேன், பட்டென்று தட்டிவிட்டார். பிளக்கைக் கழற்றினாலும், மின்னைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்குமாம். ஒரு மின்தடையை வைத்து அதை இறக்கி, மீற்றரில் பார்த்த பிறகுதான் போர்ட்டில் கை வைத்தார்.

பியூஸ் நல்லாக இருந்தது. 100 வாட்ஸ் குண்டு பல்ப் ஒன்றைத் தொடரில் போட்டுக் கறண்ட் கொடுத்தார். பல்ப் ஒருதரம் மின்னி அணைந்தது. அணையாமல் பிரகாசமாக எரிந்திருந்தால் உள்ளே ஷோர்ட் என்று அர்த்தம். பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் சொச்சம். வீட்டுக் கறண்ட் 230 வோல்ட் உள்ளே வருகிறது, நேர் மின்னாகவும் மாறுகிறது, ஆனால் அதற்கு அங்கால் ஒன்றும் நடக்கவில்லை. வெளிப்பக்க டயோட் ஷோர்ட் ஆனாலும் இதே டிக் சத்தம் வருமென்று அதையும் கழற்றி அளந்தார், பழுதில்லை.

பிறகு பவர் சப்ளையை ஓட்டும் 3842 என்ற எட்டுக் கால் ஐசியின் ஏழாம் காலில் மீற்றரை வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். இலக்கம் 16 வரை ஏறும், ஒரு டிக், 10க்கு விழும், திரும்ப ஏறும். ஐசி 16 வோல்ட்டில் எழும்பும், 10க்குக் கீழே போனால் படுத்துவிடும். எழும்பும் அந்தக் கணத்தில் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது பக்கத்தில் உள்ள சின்னக் கெப்பாசிட்டர், 47 மைக்ரோபரட். அது காய்ந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் மட்டும் டிரான்ஸ்போமரின் தனிச் சுற்று ஐசிக்குத் தீனி கொடுக்கும், பழுது வெளியே தெரியாது. கறண்ட் ஒருதரம் போனால் திரும்ப எழும்பாது. அவர் ஏன் முதலில் அதைக் கேட்டார் என்று அப்போதுதான் விளங்கியது.

அப்புறம் தலைமயிர் காய வைக்கும் மெசினால் அந்தக் கெப்பாசிட்டருக்கு மட்டும் சூடு காட்டினார். ஒரு நிமிடம் இருக்கும், பச்சை லைற் பற்றி, வெளியே 12 வோல்ட்! காய்ந்தது சூட்டில் கொஞ்ச நேரம் உயிர்க்குமாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழையதில் 85 பாகை என்று இருந்தது, 105 பாகை எழுதியதைப் போட்டார். பவர் சப்ளையை இன்குபேட்டரின் சூடான பக்கத்தில் பூட்டியது என் பிழை என்றும், 10 பாகை குறைந்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்றும் சொன்னார். இப்போது வெளியே மரச்சட்டத்தில் பூட்டியிருக்கிறேன்.

கூலியும் சாமானும் 900 ரூபாய். கெப்பாசிட்டர் சில்லறை விலைதான், ஆனால் காசு அதைக் கண்டுபிடித்ததற்கு. அந்தக் காசை மனம் நிறைந்து கொடுத்தேன். இருபத்தோராம் நாள் 44 குஞ்சுகள் பொரித்தன.

குறையும் இருக்கிறது. போன் எடுக்கமாட்டார், பில் தரமாட்டார். ஐசி போன்ற சாமான் கையில் இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் இருந்து வரும்வரை இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூட்டு. போகிறவர்கள் அரை மணித்தியாலம் கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கோ. மோட்டார் சைக்கிள் ஹெட்லைற் பல்ப்பைக் கொழுவி, லோட்டில் ஓட்டிப் பார்க்காமல் சாமானைக் கையில் தரமாட்டார்.