குழித்தட்டு முண்டு மிளகாய் நாற்று: மாடித் தோட்டத்துக்கு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். குழித்தட்டில், அதாவது சிறு குழிகள் கொண்ட தட்டில் வளர்த்து மதுரை நர்சரிகளில் விற்கும் இந்த முண்டு (உருண்டை) மிளகாய் நாற்றை லேசாக உருவினால் தென்னை நார்க்கழிவு உதிராமல், வெள்ளை வேரோடு கட்டியாக வரவேண்டும். வேர் பழுப்பேறி அடியில் சுருண்டிருந்தால் வயது கடந்தது. 35 முதல் 40 நாள் நாற்றே சரி. தட்டிலேயே பூத்து நிற்பதைப் பார்த்து மயங்காதீர்கள், அது பிறகு அவ்வளவாகக் கிளைக்காது.

12 அங்குலப் பைக்கு ஒரு செடிதான். செம்மண் 2 பங்கு, மக்கிய தொழு உரமும் நார்க்கழிவும் தலா 1 பங்கு. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், அடியில் ஓட்டை அவசியம்.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். சித்திரை வெயிலில் பூ கொட்டும். மதியத்துக்கு நிழல்வலை போடுங்கள்.

பெரிய குறை, பல தட்டுகளில் ரகமும் விதைத்த தேதியும் இல்லாததுதான். ராமநாதபுரம் முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனாலும் முண்டு என்று கேட்டு வாங்கியது சம்பாவாக இருந்தால், நீளக் காய் தொங்கும்போதுதான் தெரியவரும்.