மதுரையைவிடப் பக்கத்தில் யாழ்ப்பாணம்

சென்னையிலிருந்து மதுரைக்கு வான்வழியில் சுமார் 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கோ ஏறத்தாழ 355 கிலோமீட்டர்தான். இந்தக் கணக்கை நான் அம்மாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. நம்பாததில் வியப்பில்லை. 2017இல் அவரை யாழ்ப்பாணத்தை அடுத்த சுன்னாகத்துக்கு, சின்னம்மா வீட்டுக்கு அழைத்துப் போனபோது கொழும்பு வழியாகத்தான் போக முடிந்தது. கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கி, இரவு பஸ் பிடித்து, இன்னும் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். விடிந்து இறங்கும்போது அம்மாவின் கால்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை.

1947 டிசம்பரில் இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான ஏர் சிலோன் தன் முதல் பயணத்தையே, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் நடத்தியது. இடையில் போர் வந்து எல்லாவற்றையும் அடைத்தது. பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறந்தது 2019 அக்டோபரில். கொரோனாவில் நின்ற சென்னை விமானம் மீண்டும் வந்தது 2022 டிசம்பரில். அப்படியிருந்தும் இந்த முறை டிக்கெட் எடுக்கப் போன இடத்தில் முகவர் கொழும்பு வழியையே நீட்டினார். நேரடி விமானம் இருக்கிறது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வயதானவர்களோடு போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஏடிஆர் 72 ரகச் சிறிய விமானம். பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். தலைக்கு மேலுள்ள பெட்டி சிறியது, பெரிய கைப்பை நுழையாது. இறக்கையில் சுழலும் விசிறிகளின் இரைச்சல் அதிகம், அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். ஆனால் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க எதுவும் மறைக்காது. போகும்போது வலப்பக்க ஜன்னலைக் கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் தமிழ்நாட்டுக் கரை நெடுகக் கூடவே வரும். கோடிக்கரையோடு அது மேற்கே ஒதுங்கிவிடும். பிறகு கடல் மட்டும். அதையும் நிதானமாகப் பார்க்க நேரமில்லை. தாழ இறங்கும்போது எங்கள் வரிசைக்கு நேர்கீழே சக்கரம் வெளியே வந்தது. அதற்கும் கீழே பனைகள், செம்மண், வரிசை வரிசையாக வெங்காயப் பாத்தி.

மேலெழும்பியதிலிருந்து தரை தொட்டது வரை என் கைக்கடிகாரத்தில் 62 நிமிடம். டிக்கெட்டில் கூடுதலாகத்தான் போட்டிருப்பார்கள், ஓடுபாதைக்குப் போய்வரும் நேரமும் அதில் சேரும். இரு நாட்டுக்கும் ஒரே மணி என்பதால் கடிகாரத்தைத் திருப்பும் வேலையும் இல்லை.

நிலையம் சிறியது. குடிவரவு வரிசை மெதுவாக நகர்ந்தாலும் அதிகாரி தமிழிலேயே பேசினார். சென்னையில் பன்னாட்டுப் பயணத்துக்கான மூன்று மணி நேரக் காத்திருப்புதான் இந்தப் பயணத்தில் நீண்ட பகுதி. அதற்கு மாற்று வழி தெரியவில்லை. அம்மாவுக்குச் சக்கர நாற்காலியை முன்பதிவிலேயே கேட்டிருந்ததால் அதுவும் தாங்கக்கூடியதாக இருந்தது.

பலாலியிலிருந்து சுன்னாகம் சுமார் 10 கிலோமீட்டர். ஆட்டோ வாசலில் நின்றதும் சின்னம்மா ஓடிவந்து முதலில் அம்மாவின் கால்களைத்தான் பார்த்தார். வீக்கம் இல்லை. “வா அக்கா, தேத்தண்ணி ஆறுது” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.